கடிதங்கள் வீடு மாறுகின்றன!

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில், பழவேற்காடு ஏரியின் ஓரத்தில் இருக்கிறது சுண்ணாம்புக்குளம். இந்த ஏரியைச் சுற்றியுள்ள மீனவர் குடும்பங்களில் அடுப்பு எரிவதும் எரியாததும் வலையில் விழும் மீனைப் பொறுத்தது. இக்காலத்தில் அது இன்னொன்றையும் பொறுத்திருக்கிறது. கைப்பேசியில் வரும் நாலு வரிச் செய்திதான் அது!

புயல் வந்தால் கடலுக்குப் போகக் கூடாது. அலை உயரும் என்று ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல் தகவல் மையம் எச்சரித்தாலும் போகக் கூடாது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும் நாளில் பழவேற்காடு மீனவர்கள் கடலில் இறங்கத் தடை உண்டு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். இவற்றில் தேதி ஒன்று மாறினாலும் ஒரு நாள் பிழைப்பு போகும். சில சமயம் உயிரே போகும்.

வார்ப்பு என்றால் என்ன?

இத்தகைய செய்திகளை ஒவ்வொரு முறையும் யாரும் உட்கார்ந்து புதிதாக எழுதுவதில்லை. கோவில் ரசீதுப் புத்தகம் போலத்தான் இதுவும். கோவில் பெயரும் வாசகமும் முன்பே அச்சாகியிருக்கும். கொடுத்தவர் பெயர், தொகை, தேதி ஆகிய இடங்கள் மட்டும் காலியாக இருக்கும். பாங்கு அனுப்பும் கடிதம், பள்ளிக்கூடம் அனுப்பும் தகவல், மின்கட்டண நினைவூட்டல் எல்லாம் இப்படித்தான். இதற்கு 'வார்ப்பு' என்று பெயர் சொல்லலாம். காலி இடங்களைக் கம்ப்யூட்டர் நிரப்பி, லட்சம் பேருக்கு ஒரு நொடியில் அனுப்பிவிடும்.

இந்த வார்ப்புகள் ஏதாவது ஒரு நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் குடியிருக்கின்றன. வாடகை கூடினாலும், பாதுகாப்புப் போதாது என்று பட்டாலும், வேறு இடத்துக்குக் குடி பெயர்க்க வேண்டும்.

மத்திய அரசாங்கமே இப்படி வீடு மாறியது. அரசு ஊழியர்களின் மின்னஞ்சல், தேசிய தகவல் மையத்தின் அமைப்பிலிருந்து சோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றப்பட்டது. சுமார் 12 லட்சம் கணக்குகள் மாறியதாக 2025 அக்டோபரில் செய்தி வெளியாயிற்று. சோஹோ, 1996-ல் தொடங்கப்பட்டு, தமிழ்நாட்டில் வேரூன்றி வளர்ந்த நிறுவனம் என்பது குறிப்பிடத்தக்கது.

யந்திர உதவியாள்

வீடு மாறுவது லேசான காரியமா? இல்லை. பெயர் வர வேண்டிய காலி இடத்துக்கு ஒரு தளத்தில் இரட்டை வளைவுக்குறி, இன்னொன்றில் நட்சத்திரக்குறி, வேறொன்றில் சதவீதக்குறி. நூற்றுக்கணக்கான வார்ப்புகளில் இவற்றை ஒவ்வொன்றாக மாற்ற, குமாஸ்தாக்களுக்குப் பல வாரம் பிடிக்கும்.

இங்கேதான் செயற்கை நுண்ணறிவு உதவிக்கு வருகிறது. பழைய வார்ப்பைக் கொடுத்து, "புதிய தளத்துக்கு ஏற்றபடி மாற்று" என்றால் சில நொடியில் மாற்றிக் கொடுக்கிறது. அலுப்பதில்லை, தூங்குவதில்லை. இது பெரிய வசதி. மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்த யந்திரத்துக்கு ஒரு சுபாவம் உண்டு. சொன்னதை மட்டும் செய்து நிற்காமல், சில நேரம் வாசகத்தையும் "அழகுபடுத்தி" விடும். "கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்பது பழைய வார்ப்பு என்று வைத்துக்கொள்வோம். அது "கடலுக்குச் செல்வதைத் தவிர்ப்பது நல்லது" என்று மாறிவிட்டால்? படிக்க இனிமைதான். ஆனால் உத்தரவு யோசனையாகிவிட்டதே! வீட்டில் அரிசி இல்லாதவன் யோசனையைக் கேட்டு நிற்பானா? படகைத் தள்ளிவிடுவான்.

தேதியிலும் ஆபத்து உண்டு. 5-12 என்றால் இந்தியாவில் டிசம்பர் 5. அமெரிக்க வழக்கப்படி அதுவே மே 12. புதிய தளம் எந்த வழக்கத்தைப் பின்பற்றுகிறது என்று பார்க்காவிட்டால் எச்சரிக்கையின் தேதி மாதக்கணக்கில் மாறிப் போகும்!

மூன்றாவது, நிபந்தனை. விசைப்படகுக்காரருக்கு ஒரு செய்தி, ஏரியில் வலை போடுவோருக்கு வேறு செய்தி என்று பழைய வார்ப்பில் பிரிவினை இருக்கலாம். இடமாற்றத்தில் அது உதிர்ந்துபோனால் எல்லாருக்கும் ஒரே செய்தி போகும். ஏரிக்காரர் காரணமில்லாமல் ஒரு நாள் கூலியை இழப்பார்.

தமிழுக்கு வரும் சங்கடம்

தமிழ்ச் செய்திக்குத் தனிச் சிக்கல்களும் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தியில் 160 எழுத்து கொள்ளும். தமிழில் 70 தான். 'கொ' என்ற ஒரே எழுத்தைக் கம்ப்யூட்டர் இரண்டாக எண்ணும். யந்திரம் வாசகத்தைக் கொஞ்சம் நீட்டினாலும் செய்தி இரண்டு துண்டாகும், செலவும் இரட்டிக்கும்.

பழைய அலுவலகக் கடிதங்கள் பல, அந்தக் காலத்து எழுத்துருக்களில் இருப்பவை. தமிழக அரசு 2010-ல்தான் யூனிகோடு முறையை ஏற்றது. அதற்கு முந்தைய கடிதத்தை அப்படியே புதிய இடத்தில் போட்டால் தமிழ் தெரியாது, கிறுக்கல்தான் தெரியும்.

நாடு கண்ட அனுபவம்

இதெல்லாம் வீண் பயமா? 2021 மார்ச் 8-ஆம் தேதி நடந்ததைப் பார்க்கலாம். வியாபாரச் செய்தி அனுப்புவோர் தங்கள் வார்ப்புகளை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018-ல் விதி செய்திருந்தது. பதிவானதோடு ஒத்துப்போகாத செய்தியைத் தடுக்கும் ஏற்பாடு அன்று அமலுக்கு வந்தது. உடனே பாங்குகளின் ஒருமுறைக் கடவு எண்கள் பலருக்கு வந்து சேரவில்லை. பணம் அனுப்ப முடியாமல் ஜனங்கள் திண்டாடினார்கள். மறுநாளே ஆணையம் அந்த ஏற்பாட்டை ஏழு நாள் நிறுத்தி வைத்தது.

அன்று குற்றம் செயற்கை நுண்ணறிவுடையதல்ல. வார்ப்புகள் புதிய ஏற்பாட்டுக்குச் சரியாக வந்து சேராததுதான் காரணம். அந்த வேலையை யந்திரம் செய்தாலும் மனிதன் செய்தாலும், சரிபார்க்காவிட்டால் விளைவு ஒன்றே.

இன்னும் பழைய பாடமும் உண்டு. 1957 ஏப்ரல் 1-ல் அணா போய் நயா பைசா வந்தது. ஒரு அணாவுக்கு 6 நயா பைசா; நாலு அணாவுக்கு 25. ஓரணாச் சாமானைத் தனித்தனியே நாலு முறை வாங்கினால் 24 தான்! கணக்கு மாறும்போது ஓரத்தில் ஒரு பைசா ஒளிந்துகொள்ளும். அதைத் தேடிப் பிடிப்பதுதான் மாற்றத்தின் உண்மையான வேலை.

என்ன செய்யலாம்?

யந்திரத்தை ஒதுக்க வேண்டியதில்லை, கட்டுப்படுத்தினால் போதும். "குறிகளை மட்டும் மாற்று, வாசகத்தில் கை வைக்காதே" என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒரு மனிதர் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். காலி இடத்தில் பெயர் இல்லாவிட்டால் என்ன வரும் என்று சோதிக்க வேண்டும். முதலில் பத்துப் பேருக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும். அந்தப் பத்துப் பேரில் நாலு பேராவது செய்தியைப் பெறப்போகிற மீனவராக இருக்க வேண்டும். புதியது பழகும் வரை பழையதை அழிக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, "இது சரி" என்று கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும். யந்திரம் தவறினால் அதை யாரும் கூப்பிட்டு விசாரிக்க முடியாது அல்லவா?

பழவேற்காட்டு மீனவர்களிடம் 'பாடு' என்று ஒரு வழக்கம் உண்டு. எந்த இடத்தில் யார் எப்போது வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறையைப் புதிய நோட்டில் பெயர்த்து எழுதும்போது ஒரு வரி தவறினால், ஒருவன் பங்கு இன்னொருவனுக்குப் போய்விடும். ஆகவே எழுதியதை எல்லார் முன்னிலையிலும் உரக்கப் படித்துப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

கம்ப்யூட்டர் யுகத்துக்கும் அந்தப் புத்தி பொருந்தும். மூட்டை கட்டுவதை யந்திரத்திடம் விடலாம். புது வீட்டில் சாமானை எண்ணிப் பார்க்க வேண்டியவர் வீட்டுக்காரர்தான்!