சுகர் இருக்கும் பிள்ளைக்கு ஸ்கூலில் யார் துணை? நர்ஸ் இல்லாத பள்ளிகள் என்ன செய்யலாம்?

காலை எட்டரை மணி. கோட்டாறில் பஸ்ஸை விட்டு இறங்கி, யூனிஃபார்மில் பிள்ளைகள் நடந்து போகிறார்கள். அவர்களில் ஒரு எட்டாம் வகுப்பு மாணவிக்கு டைப் 1 சர்க்கரை நோய் என்று வைத்துக்கொள்வோம். காலை ஊசியை வீட்டிலேயே போட்டாச்சு. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அடுத்த ஊசி. அதை எங்கே உட்கார்ந்து போடுவாள்? பக்கத்தில் யார் இருப்பார்கள்?

இந்தச் சின்ன வயசுல சுகரா?

ஆமாம். இது மிட்டாய் தின்று வந்த நோய் அல்ல. உடலின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. மாத்திரையோ பத்தியமோ இன்சுலினுக்கு மாற்று ஆகாது. ஊசியை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. 2021-ல் வந்த சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பின் கணக்குப்படி, இந்தியாவில் 20 வயதுக்குட்பட்ட சுமார் 2.29 லட்சம் பேருக்கு டைப் 1 இருக்கிறது.

ஸ்கூலில் என்ன சிக்கல்?

பி.டி. பீரியடில் ஓடினாலும் சாப்பாடு தாமதமானாலும் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். 70-க்குக் கீழே போனால் வியர்வை, நடுக்கம், குழப்பம். ‘தூங்கி வழியுறா’ என்று டீச்சர் திட்டும் நேரத்தில், அவளுக்குத் தேவை மூன்று ஸ்பூன் சர்க்கரை. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்தான். ஆனால் அந்த முதல் சில நிமிடங்களைப் பள்ளிதான் சமாளிக்க வேண்டும்.

நர்ஸ் இருந்தால்?

ஊசி போடும்போது கூட இருப்பார், சர்க்கரை அளவைப் பார்ப்பார், அவசரத்தில் முடிவெடுப்பார். ஜப்பானில் பள்ளிகளில் உடல்நலத்துக்கென்றே தனி ஆசிரியர் உண்டு. நம் பள்ளிகள் பெரும்பாலானவற்றில் முழுநேர நர்ஸ் இல்லை. 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் மருத்துவக் குழுவில் நர்ஸ் உண்டு. ஆனால் அந்தக் குழு பள்ளிக்கு வருவது ஆண்டுக்கு ஒருமுறை. ஊசியோ தினமும் மதியம்.

விதிகள் என்ன சொல்கின்றன?

பொதுத்தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் கொண்டுபோக 2017-லேயே சி.பி.எஸ்.இ. அனுமதித்தது. களியக்காவிளை தாண்டினால் கேரளா. அங்கே 2018-ல் வந்த ‘மிட்டாயி’ திட்டம் டைப் 1 குழந்தைகளுக்கு இன்சுலினும் கருவிகளும் இலவசமாகத் தருகிறது. இவை தேர்வு அறைக்கும் மருந்துச் செலவுக்கும் உதவும். ஆனால் மதியம் பன்னிரண்டரை மணிக்குப் பக்கத்தில் நிற்க ஓர் ஆள் வேண்டுமே!

அதுவரை என்ன செய்யலாம்?

நர்ஸ் பணியிடம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நர்ஸின் வேலையில் அவசரமான பகுதியை ஆசிரியர்களே கற்றுக்கொள்ளலாம்.

• ஒரு பக்கத் தாள்: ஊசி நேரம், அளவு, அறிகுறிகள், போன் நம்பர். டாக்டர் எழுதித்தர, பெற்றோர் கொண்டுவந்து கொடுக்கணும்.

• இரண்டு ஆசிரியர்கள்: ஒருவர் லீவு போட்டாலும் இன்னொருவர் இருப்பார். சர்க்கரை இறங்கினால் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி டெஸ்ட். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைக்கணும்.

• ஓர் இடம்: ஊசி போட ஒரு நாற்காலி, இன்சுலின் வைக்க வெயில் படாத குளிர்ந்த இடம். பாத்ரூம் அதற்கான இடமல்ல.

இதில் செலவு என்று பார்த்தால் ஒரு குளுக்கோஸ் பாக்கெட்தான். இதுகூட இல்லாத பள்ளியில், பிள்ளை நோயை மறைப்பாள், மதிய ஊசியைத் தவிர்ப்பாள். இல்லையென்றால் அம்மா வேலையை விட்டுவிட்டு கேட் வாசலில் வந்து நிற்பார்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால், அடுத்த பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இவளுக்குச் சர்க்கரை இறங்கினால், இந்த ஸ்கூலில் யாருக்கு என்ன செய்யணும்னு தெரியும்?” பதிலாக ஒரு டீச்சரின் பெயர் வர வேண்டும்.