ந.க. எண் இல்லாத உத்தரவு

வாட்ஸ்அப் இல்லாமல் இப்போது எந்த அலுவலகமும் ஓடாது என்கிறார்கள். ஓடட்டும். ஆனால் அதில் வருவதை உத்தரவு என்று சொல்லாதீர்கள் என்பதுதான் என் வாதம்.

2017 ஜனவரியில் புதுச்சேரியில் நடந்த கூத்து பலருக்கு நினைவிருக்கும். துணைநிலை ஆளுநர் கிரண் பேடி வாட்ஸ்அப் குழு வைத்து அதிகாரிகளை வேலை வாங்கிக்கொண்டிருந்தார். அந்தக் குழுவில் ஆபாச வீடியோ போட்டார் என்று ஓர் அதிகாரியைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். முதல்வர் நாராயணசாமி, அரசு வேலைக்குச் சமூக ஊடகமே கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். அந்தக் கம்பெனிகளின் சர்வர்கள் வெளிநாட்டில் இருக்கின்றன, அரசு ரகசியம் வெளியே போய்விடும் என்பது காரணம். சில நாளிலேயே பேடி அதை ரத்து செய்தார். நடுவில் யார் பேச்சைக் கேட்பது என்று விழித்தவர்கள் ஊழியர்கள்.

பேடி பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. அடைத்துக்கொண்ட வாய்க்காலைப் படம் எடுத்து அனுப்பினால் அன்றே ஆள் வருகிறது. எங்கள் வெம்பாக்கம் பக்கத்தில் தறிக்காரருக்குச் சேலையின் கரை டிசைன்கூடப் போனில்தான் வருகிறது. முன்பு அதற்கு ஆரணிக்கோ காஞ்சிபுரத்துக்கோ பஸ் ஏற வேண்டும்.

ஆனால் வெளிநாட்டு சர்வரா பெரிய ஆபத்து? எங்கள் காலத்தில் ஒரு தாள் வந்தால் தபால் முத்திரை, தன்பதிவேட்டில் ஒரு வரி, ஒரு ந.க. எண். பிறகு குறிப்பு, அதன் கீழே அதிகாரியின் கையெழுத்து. தணிக்கையில் கேட்டால் எழுத்தர் கோப்பைப் பிரித்து, இன்னார் இந்தத் தேதியில் சொன்னார் என்று காட்டிவிடுவார். ராத்திரி 10 மணிக்குப் போனில் 'அதை முடிச்சுடுங்க' என்று வரும் வரிக்கு என்ன எண்? அனுப்பியவரே அதை அழிக்கும் வசதியும் வந்துவிட்டது. மாட்டுகிறவர் எழுத்தர்தான். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன்படி ஒருவர் மனுப் போட்டால், அதிகாரியின் சொந்தப் போனுக்குள் கிடப்பதை யார் எடுத்துக் கொடுப்பது?

பேச்சு பறந்துவிடும், எழுத்து நிற்கும் என்று பிரெஞ்சில் ஒரு பழமொழி உண்டு. பள்ளியில் எங்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பதிய வைத்தார்கள். வாட்ஸ்அப் எழுத்து மாதிரி தெரிந்தாலும் பேச்சுதான்.

அதே 2017 ஜனவரி 1-ல் பிரான்சில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள், வேலை நேரத்துக்குப் பிறகு போனையும் மின்னஞ்சலையும் பார்க்காமலிருக்கும் உரிமை குறித்துத் தொழிலாளர்களோடு பேச வேண்டும் என்றது. இங்கே நீல டிக் விழுந்தும் பதில் போடாவிட்டால் காலையில் திட்டு.

போனில் சொன்ன வேலைக்கு மறுநாளே எழுத்தில் உத்தரவு வேண்டும். புயல், வெள்ளம் தவிர, அலுவலகம் மூடியபின் குழுவில் வேலை பேசக்கூடாது. சின்னதாக ஓர் அரசாணை போட்டால் போதும். அதையாவது எண்ணும் தேதியும் போட்டுத் தாளில் அனுப்புங்கள் ஐயா!