பார்சல் விமானத்தை ஓட்டுபவருக்கு மட்டும் தூக்கம் வராதா?

இன்று ஆர்டர் போட்டால் நாளை காலை வாசலில் பார்சல். அமெரிக்காவில் இந்த வேகத்துக்குப் பின்னால் இருப்பவை, ஊர் உறங்கும் நேரத்தில் பறக்கும் சரக்கு விமானங்கள். அவற்றில் ஒன்றுதான் யுபிஎஸ் 1354.

என்ன நடந்தது?

2013 ஆகஸ்ட் 14. லூயிவில் நகரிலிருந்து அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமுக்கு முக்கால் மணி நேரப் பயணம். ஏர்பஸ் ஏ300 ரகம், உள்ளே இரண்டு விமானிகள் மட்டும். விடியாத வேளை, தாழ்வான மேகம். நீளமான பிரதான ஓடுபாதை, விளக்குப் பராமரிப்புக்காக மூடப்பட்டிருந்தது. கிடைத்தது குட்டையான 18ஆம் ஓடுபாதை. அங்கே எந்த உயரத்தில் இறங்க வேண்டும் என்று வழிகாட்டும் சிக்னல் கிடையாது. விமானிகளேதான் உயரத்தைக் கணக்குப் பார்த்து இறங்க வேண்டும்.

கணினியில் பாதையைச் சரியாக அமைக்காததால், அது காட்ட வேண்டிய இறங்குகோடு கிடைக்கவில்லை. கேப்டன் வேறு முறைக்கு மாறி, நிமிடத்துக்கு 1,500 அடி வேகத்தில் இறக்கினார். 1,000 அடியில் மேகம் விலகிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். விலகவில்லை. ‘இதற்குக் கீழே போகக் கூடாது’ என்ற உயரத்தைத் தாண்டியதை இருவருமே கவனிக்கவில்லை. ஓடுபாதைக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் முன்பே மரங்களிலும் மின்கம்பிகளிலும் உரசி விமானம் விழுந்தது. இருவரும் இறந்தனர்.

சரி, இது பைலட் தப்புதானே?

ஆமாம். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் அதைத்தான் முதல் காரணமாகச் சொன்னது. ஆனால் அசதியையும் காரணங்களில் ஒன்றாகச் சேர்த்தது. புறப்படுவதற்கு முன் இருவரும் பேசிக்கொண்டது காக்பிட் ஒலிப்பதிவில் இருக்கிறது. நன்றாகத் தூங்கியும் அலாரம் அடித்தபோது அவ்வளவு அசதியாக இருந்தது என்கிறார் துணை விமானி. புதிய ஓய்வு விதியில் சரக்கு விமானிகளை மட்டும் ஏன் விட்டுவிட்டார்கள் என்பதும் அதே பேச்சில் வருகிறது.

அது என்ன விதி? 2009இல் பஃபலோ அருகே பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்த பிறகு, விமானிகளின் ஓய்வு பற்றி அமெரிக்கா புது விதி எழுதியது. பணிக்கு முன் குறைந்தது 10 மணி நேர ஓய்வு. இரவில் வேலை தொடங்கினால் பணி நேரம் குறையும். 2014 ஜனவரியில் அமலுக்கு வந்தது. ஆனால் சரக்கு விமானங்களுக்கு விலக்கு. செலவு அதிகம், பலன் குறைவு என்பது அரசின் கணக்கு. பயணிகள் விமானத்தில் நூற்றுக்கணக்கான உயிர். சரக்கு விமானத்தில் இரண்டே உயிர். அப்புறம் ‘பலன்’ எப்படிக் கூடும்?

எதிர்வாதம் ஒன்று உண்டு

அந்த இருவரின் பணி அட்டவணை, புதிய விதி பொருந்தியிருந்தாலும் அதற்கு உட்பட்டதாகவே இருந்திருக்கும் என்று விசாரணை சொன்னது. துணை விமானி தன் ஓய்வு நேரத்தைச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்றும் சொன்னது. அதாவது, அந்த விதி இருந்திருந்தால் இவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது. இதை மறைத்துவிட்டு விதிக்காக வாதாடுவது நேர்மையல்ல.

ஆனால் இதையே காரணம் காட்டி விலக்கை நியாயப்படுத்துவதும் சரியல்ல. உடம்பு அசந்துபோகும் பின்னிரவில் அதிகம் பறப்பவர்கள் சரக்கு விமானிகள்தான். பாதுகாப்பு யாருக்கு அதிகம் தேவையோ அவர்களையே வெளியே நிறுத்துகிறது இந்த விலக்கு. அதோடு, சரக்கு விமானம் தனி வானத்திலா பறக்கிறது? அதே ஓடுபாதை, அதே ஊர், கீழே அதே வீடுகள். பர்மிங்ஹாமில் தரையில் யாரும் சாகவில்லை என்பது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி விதி எழுத முடியாது.

விலக்கை எதிர்த்து விமானிகள் சங்கம் போட்ட வழக்கு 2016இல் தோற்றது. சட்டத்தைத் திருத்தும் மசோதாக்கள் நாடாளுமன்றத்தில் பலமுறை வந்தும் நிறைவேறவில்லை.

விதி மட்டும் போதாதுதான். ‘எனக்கு அசதியா இருக்கு, இன்னைக்குப் பறக்க முடியாது’ என்று சொல்லும் விமானி பயப்படாமல் சொல்லவும் வழி வேண்டும். ஆனால் முதல் படி எளிது: பின்னால் இருப்பது மனிதரா, பெட்டியா என்று பார்க்காமல், முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரே ஓய்வு விதி. அதற்காகும் செலவால் பார்சல் கட்டணம் கொஞ்சம் ஏறினால் ஏறட்டும்.