முடக்கம் யாருக்கு? தமிழ்ராக்கர்ஸுக்கா, விகடனுக்கா?



காலைல படம் ரிலீஸ். மதியத்துக்குள்ள டெலிகிராம்ல லிங்க். சாயங்காலம் "திருட்டுத் தளங்கள் முடக்கம்"னு பிரேக்கிங் நியூஸ். மறுநாள் அதே தளம், அட்ரஸ்ல ஒரு எழுத்து மட்டும் மாறி, ஜம்முனு ஓடிக்கிட்டு இருக்கும். பத்து வருஷத்துக்கு மேலா இதைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கோம்.

2018ஐ ஞாபகப்படுத்திப் பாருங்க. '2.0' வெளியாவதற்கு முந்தைய நாள், நவம்பர் 28, சென்னை உயர் நீதிமன்றம் 12,000க்கும் மேற்பட்ட இணையதளங்களை முடக்கச் சொல்லி 37 இணைய சேவை நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. மறுநாள் படம் வந்தது. அன்னைக்கே தமிழ்ராக்கர்ஸ்லயும் வந்தது.

ஏன் இப்படி? விஷயம் ரொம்ப சிம்பிள். நீங்க ஒரு தளத்தோட பெயரை டைப் பண்ணினா, உங்க நெட் கம்பெனி அந்தப் பெயருக்கான நம்பரைத் தேடிக் கொடுக்கும். முடக்கம் என்பது பெரும்பாலும் அந்த நம்பரைக் கொடுக்காம இருக்கிறதுதான். இல்லைன்னா நீங்க எந்தத் தளத்துக்குப் போறீங்கன்னு வழியில பார்த்து லைனைத் துண்டிக்கிறது. ரெண்டுலயும் படம் இருக்கிற சர்வரை யாரும் தொடுறதே இல்ல. அது வேற ஏதோ நாட்டுல அப்படியே இருக்கு. புதுப் பெயர் வாங்க சில நூறு ரூபாயும் கொஞ்ச நேரமும் போதும். டெல்லி உயர் நீதிமன்றம் 2019ல இதுக்கு ஒரு வழி சொன்னது. புதுப் பெயர்ல வர்ற அதே தளத்தை, புது வழக்கு போடாமலேயே பழைய உத்தரவுல சேர்த்துக்கலாம். நல்ல யோசனைதான். ஆனா பெயர் மாத்துற வேகத்துக்குப் பட்டியல் போடுற வேகம் ஈடுகொடுக்கல.

பிளாக் பண்றதே வேஸ்ட்னு சொல்ல வரல. பிரிட்டன்ல இதை ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. பைரேட் பே என்ற ஒரே தளத்தை 2012ல முடக்கினப்போ, மக்கள் காசு கொடுத்துப் பார்க்கிறது கூடல. வேற திருட்டுத் தளத்துக்குப் போயிட்டாங்க. அடுத்த வருஷம் 19 தளங்களை மொத்தமா முடக்கினப்போ, கட்டணத் தளங்களுக்குக் கொஞ்சம் கூட்டம் வந்தது. அதாவது, தேடிப் பார்க்கச் சோம்பல்படுறவங்களை இது தடுக்கும். அங்க நல்ல விலையில சட்டப்படி பார்க்க வழி இருந்ததையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கணும்.

இப்போ மறுபக்கம் வாங்க. இந்த முடக்கத்துல நிஜமாவே மாட்டிக்கிட்டது யாரு?

2012ல '3' படத்துக்காக வாங்கின உத்தரவை வெச்சு, விமியோ மாதிரி முறையான வீடியோ தளத்தையே நெட் கம்பெனிகள் மொத்தமா மூடினாங்க. அப்புறம் உயர் நீதிமன்றமே, குறிப்பிட்ட லிங்க்கை மட்டும் முடக்கினா போதும்னு தெளிவுபடுத்த வேண்டியதாச்சு. 2017ல ரெண்டு இந்திப் படங்களுக்காகப் போட்ட பட்டியல்ல, பழைய இணையப் பக்கங்களைப் பாதுகாத்து வைக்கிற இன்டர்நெட் ஆர்க்கைவும் சேர்ந்துபோச்சு. ஒரு நூலகத்தைத் திருட்டு விசிடி கடைன்னு நினைச்சு சீல் வெச்ச மாதிரி!

2025 பிப்ரவரியில நடந்ததை நாம மறக்க மாட்டோம். பிரதமர் பத்தின ஒரு கார்ட்டூனுக்காக விகடன் இணையதளம் முடக்கப்பட்டது. இது காப்புரிமை வழக்கு இல்ல, வேற சட்டப்பிரிவு, வேற அதிகாரி. ஆனா பட்டன் அதே பட்டன்தான்: நெட் கம்பெனிக்கு ஒரு உத்தரவு, தளம் இருட்டு. முறையான அறிவிப்பு அவங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடியே வாசகர்களுக்குத் தளம் திறக்கல. ஒரு கார்ட்டூனுக்கு மொத்தத் தளமும் போச்சு. கார்ட்டூனைத் தற்காலிகமா எடுத்துட்டு தளத்தைத் திறக்கச் சொல்லி மார்ச் 6ல சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் வழி பிறந்தது.

கவனிச்சீங்களா? தமிழ்ராக்கர்ஸ் ஒரே நாள்ல திரும்பி வந்தான். விகடனுக்குக் கிட்டத்தட்ட மூணு வாரம் ஆச்சு. ஏன்னா விகடனுக்கு ஒரு பெயர் இருக்கு, ஆபீஸ் இருக்கு, ஓடி ஒளிய முடியாது. அட்ரஸ் இல்லாதவனை இந்தப் பூட்டு ஒண்ணும் பண்றதில்ல.

சட்டம் போதலையான்னு கேட்டா, தாராளமா இருக்கு. தமிழ்நாட்டுல 2004லயே திருட்டு விசிடிக்காரங்களைக் குண்டர் சட்டத்துக்குள்ள கொண்டு வந்தாச்சு. ஒன்றிய அரசு 2023ல சினிமாட்டோகிராஃப் சட்டத்தைத் திருத்தி, தியேட்டர்ல திருட்டுத்தனமா படம் பிடிச்சா 3 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை, குறைஞ்சது 3 லட்சம் அபராதம், அதிகபட்சமா தயாரிப்புச் செலவுல 5 சதவீதம் வரைன்னு வெச்சிருக்கு.

பலன் கிடைச்ச இடம் வேற. தியேட்டர்ல ஓடுற டிஜிட்டல் பிரதியில கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரை இருக்கும். கேமரா பிரின்ட்ல இருந்தே எந்தத் தியேட்டர், எத்தனை மணி காட்சின்னு கண்டுபிடிக்கலாம். 2024ல 'ஏஆர்எம்' மலையாளப் படம் கோயம்புத்தூர் தியேட்டர் ஒண்ணுல பதிவு செய்யப்பட்டதா வந்த வழக்குல, கொச்சி சைபர் போலீஸ் பெங்களூரு வரைக்கும் போய் ரெண்டு பேரைக் கைது பண்ணினாங்க. உட்கார்ந்த இடத்துல இருந்து பட்டியல் அனுப்பியிருந்தா இது நடந்திருக்காது.

அதனால நாம கேட்கிறது இதுதான். எந்தத் தளத்தை, எந்த உத்தரவுப்படி, எத்தனை நாளைக்கு முடக்கினீங்கன்னு பொதுவுல வெளியிடுங்க. திறக்கிற பக்கத்துல காரணத்தைப் போடுங்க. தவறா மாட்டினவங்க முறையிட ஒரு முகவரி கொடுங்க. பெயரும் அட்ரஸும் உள்ள தளம்னா முதல்ல நோட்டீஸ், அப்புறம் நடவடிக்கை. திருட்டு ஆரம்பிக்கிற இடத்துக்குப் போலீஸை அனுப்புங்க.

நம்ம ஆளுங்களுக்கும் ஒரு வார்த்தை. எதிர்த்தரப்பு நடிகர் படம்னா நம்ம வாட்ஸ்அப் குரூப்லயே "எச்டி பிரின்ட் வந்தாச்சு"னு லிங்க் போடுறாங்க. அதுல நஷ்டப்படுறது அந்த நடிகர் இல்ல தோழரே, அவருக்குச் சம்பளம் எப்பவோ செட்டில் ஆகியிருக்கும். சின்ன ஊர்ல தியேட்டர் எடுத்து நடத்துறவருக்கும், கேன்டீன்ல பாப்கார்ன் போடுற பையனுக்கும்தான் அடி. மாவட்ட, ஒன்றிய ஐடி விங் அட்மின்கள் அந்த மாதிரி லிங்க் பார்த்த உடனே டெலீட் பண்ணுங்க. மறுபடி போட்டா குரூப்ல இருந்து தூக்குங்க.

#முடக்கப்பட்டியலை_வெளியிடு