பந்தலுக்குப் பச்சைத் திரை

புழக்கடையில் நான்கு கால் நட்டு, சின்னப் பந்தலும் போட்டாகிவிட்டது. ஆனால் மாலை 4 மணி வெயில் மேற்கிலிருந்து நுழைந்து முகத்தில் அடிக்கிறதே, என்ன செய்வது?

"சுற்றிலும் தார்ப்பாயை இழுத்துக் கட்டு" என்பார் வீட்டுக்காரர். கட்டாதீர்கள்! ஆடிக் காற்றுக்கு வழியில்லாவிட்டால் அது பந்தலையே பெயர்த்துவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆயிற்று. கட்டிலில் கிடந்த பேரன் எழுந்து போன சற்று நேரத்தில் பந்தல் சாய்ந்தது. இன்னும் நெஞ்சு பதைக்கிறது.

எங்கள் அந்தியூர் வெற்றிலைக் கொடிக்காலைப் பாருங்கள். அகத்தியின் நிழல் வெயிலை வடிகட்டுகிறது. காற்றும் தாராளமாக உலாவுகிறது. அந்த யுக்திதான் நமக்கும் வேண்டும்.

மூங்கிலைச் சில வாரம் நீரில் ஊறப்போட்டு உலர்த்தினால் எளிதில் உளுத்துப் போகாது. மண்ணில் புதைகிற 2 அடிக்குத் தார் பூசுங்கள். மேற்குப் பக்கம் மட்டும், இரண்டு விரல் இடைவெளி விட்டு, மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுங்கள். தை மாதம் அடியில் பீர்க்கன் விதை ஊன்றினால், சித்திரை வெயிலுக்குள் கொடி படர்ந்துவிடும். நிரந்தரமாக வேண்டுமானால் முல்லை வையுங்கள். கிழக்கே திறந்தே இருக்கட்டும். அடுப்பை மட்டும் பந்தலுக்குள் கொண்டுபோகாதீர்கள்.

வெயிலுக்குத் திரையும் ஆயிற்று. கூட்டுக்குக் காயும் ஆயிற்று!