மைக் யார் கையில்?

புதுச்சேரியில் கல்லூரி இடங்களை ஒதுக்கும் சென்டாக்கின் பட்டியல் வந்துவிட்டால் வில்லியனூர், பாகூர் பக்கத்து வீடுகளில் பல நாளைக்கு இதே பேச்சுதான். பிளஸ் டூ வரை கான்வென்ட்டில் பெண்களோடு மட்டுமே படித்த மகளுக்கு, ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் கல்லூரியில் இடம் வந்திருக்கும். பாரதிதாசன் மகளிர் கல்லூரியில் கிடைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் என்று அம்மா பெருமூச்சு விடுவார். “பசங்களோட பேச்சு வெச்சுக்காத, போனோமா வந்தோமான்னு இரு” என்பார் பாட்டி. பயப்படாதே, போகப் போகப் பழகிவிடும் என்று தேற்றுவார் அப்பா. அறிவுரை எல்லாம் அந்தப் பெண்ணுக்குத்தான். அவளைச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிக்கோ, அனுப்பிவைக்கும் வீட்டுக்கோ யாரும் எதுவும் சொல்வதில்லை.

நானும் வில்லியனூரிலிருந்து பஸ் பிடித்துப் போய்ப் படித்த கான்வென்ட் பெண்தான். ரெட்டைப் பின்னல், ரிப்பன், காலை ஜெபம், சிஸ்டரின் கண்டிப்பு எல்லாம் உண்டு. ஆண்டு விழா வந்தால் மாடியிலிருந்து பெஞ்சுகளை இறக்குவது நாங்கள். மேடைக்கு ஏணி வைத்துத் தோரணம் கட்டுவது நாங்கள். மைக் செட்டுக்கு ஒயர் இழுப்பதும், வசூலான காசுக்குக் கணக்கு எழுதுவதும், அணிவகுப்பில் தொண்டை கிழியக் கட்டளை கொடுப்பதும் நாங்கள்தான். பெண்ணால் முடியுமா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. செய்ய வேறு ஆளில்லை என்பதால் எல்லாவற்றையும் செய்தோம். செய்து செய்து கை பழகிவிட்டது.

கல்லூரியில் முதல் வேதியியல் செய்முறை வகுப்பு. நான்கு பேருக்கு ஒரு பியூரெட். ஸ்டாண்டை இரண்டு பையன்கள் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்கள். “நீங்க ரீடிங் எழுதிக்கோங்க” என்றான் ஒருவன். குரலில் மரியாதை இருந்தது. உதவி செய்வதாகத்தான் நினைத்தான். அந்தப் பருவம் முழுக்கப் பல பெண்களின் ரெக்கார்டு நோட்டு அச்சடித்தது போல இருந்தது; பியூரெட்டின் திருகை அவர்கள் விரல் தொடவில்லை. வகுப்புக்கு ரெப் ஒரு பையன். பெண்களிடம் சேதி சொல்ல ஒரு லேடி ரெப். துறை விழா என்றால் பட்டுப்புடவை கட்டிப் பன்னீர்ச் சொம்பும் சந்தனமும் கல்கண்டுமாக வாசலில் நிற்பது நாங்கள். மைக், கணக்கு, விருந்தினரை அழைத்து வரும் கார் எல்லாம் அவர்கள் பொறுப்பு. கான்வென்ட்டிலிருந்து வந்தவளுக்கு அதிர்ச்சி தருவது பையன்கள் அல்ல. நேற்றுவரை தன் கையில் இருந்த வேலைகள் இன்று யாரும் கேட்காமலே கைமாறிப் போவதுதான்.

பெண்களுக்கென்று தனிப் பள்ளி வந்ததற்கு இந்த மண்ணில் ஒரு காரணம் இருந்தது. பாகூரில் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே வித்யாஸ்தானம் என்ற கல்விக்கூடம் இருந்தது. அதற்கு மூன்று ஊர்கள் கொடையாகத் தரப்பட்டதை நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு சொல்கிறது. ஆனால் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு பரவலாகத் திறந்தது 19ஆம் நூற்றாண்டில்தான். 1827இல் குளூனி சபைச் சகோதரிகள் புதுச்சேரிக்கு வந்தார்கள். 1844இல் துப்புயி அடிகளார் தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்குக் கல்வி தருவதற்காகவே இங்கே மரியாளின் மாசற்ற இருதய சபையைத் தொடங்கினார். எழுதப் படிக்கத் தெரிவது தேவதாசிகளுக்கு மட்டுமே உரியது என்று குடும்பங்கள் நம்பிய காலம் அது. சுற்றுச்சுவரும் சிஸ்டர்களின் காவலும் இருந்ததால்தான் பெண்ணை அனுப்பச் சம்மதித்தார்கள். அந்தச் சுவருக்கு நான் நன்றியுள்ளவள்.

சுவரைத் தாண்டி முதலில் போனவர்கள் பட்ட பாட்டையும் நினைக்கிறேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் முத்துலட்சுமி ரெட்டி சேர்ந்தபோது, ஆண்கள் கல்லூரிக்குப் பெண் வருவதா என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் ஆதரவால் இடம் கிடைத்தது; வகுப்பில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்டார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய் 1912இல் டாக்டராக வெளியே வந்தார்.

இன்று வகுப்பில் திரை இல்லை. ஆனாலும் நடுவில் ஒரு பாதை விட்டு இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். நம் கிராமங்களில் கண்ணுக்குத் தெரியாத திரை பஸ் ஸ்டாப்பிலேயே தொடங்கிவிடுகிறது. பாகூரில் இருக்கும் என் அண்ணன் மகள் கல்லூரியில் சேர்ந்த புதிதில் யாரிடமும் பேசாமல் இருந்தாள். கூச்சமா என்று கேட்டேன். “பசங்களப் பாத்தெல்லாம் பயமில்ல அத்தை. ரெக்கார்டு நோட்டு வாங்க ரெண்டு வார்த்தை பேசுனத யாராவது பாத்து வீட்ல சொல்லிட்டா, படிப்ப நிறுத்திடுவாங்களோன்னுதான் பயம்” என்றாள். பேசத் தெரியாமல் இருக்கவில்லை அவள். ஒரு பேச்சுக்கு என்ன விலை என்று தெரிந்துதான் வாய் மூடியிருந்தாள்.

என் வகுப்பில் அந்த நடுப்பாதை மறைந்தது ஒரு என்.எஸ்.எஸ். முகாமில். பாகூர்ப் பக்கம் ஒரு வாய்க்காலில் ஆகாயத்தாமரையும் சேறுமாக அடைத்துக் கிடந்தது. மண்வெட்டி குறைவு, ஆட்கள் அதிகம். வெட்டுகிறவர் களைத்தால் அடுத்தவர் வாங்கிக்கொள்ள வேண்டும், ஆணா பெண்ணா என்று பார்க்க நேரமில்லை. சேற்றுச் சட்டியைக் கை மாற்றிக்கொண்டே பேச ஆரம்பித்தோம். ஆண்கள் பள்ளியில் படித்து வந்த ஒரு பையன், பெண்களிடம் என்ன பேசுவதென்று தெரியாமல்தான் இத்தனை நாள் விலகி இருந்தேன் என்று சொன்னான். பழக்கம் என்பது சேர்ந்து வேலை செய்யும்போது தானாக வரும். அறிவுரையால் வராது.

ஆகவே கல்லூரிகளுக்குச் சொல்கிறேன்: பியூரெட்டும் ரெக்கார்டும் வாராவாரம் கை மாறட்டும். விழாவில் மைக்கும் கணக்கும் ஒரு வருடம் பெண்களிடம் இருக்கட்டும், பன்னீர்ச் சொம்பைப் பையன்கள் பிடிக்கட்டும். லேடி ரெப் வேண்டாம், சம அதிகாரத்தோடு இரண்டு ரெப் போதும். கான்வென்ட்டுகளும் பதினொன்றாம் வகுப்பிலிருந்தே பக்கத்து ஆண்கள் பள்ளியோடு சேர்ந்து அறிவியல் கண்காட்சி, பட்டிமன்றம் என்று நடத்தலாம்.

வீட்டுக்குச் சொல்வது ஒன்றுதான். ஊரார் கொண்டுவரும் சேதியை நம்புமுன் மகளிடம் கேளுங்கள். யார் என்ன சொன்னாலும் உன் படிப்பை நிறுத்த மாட்டோம் என்று கல்லூரிக்குப் பணம் கட்டும் நாளிலேயே அவளிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். மிச்சத்தை அவளே பார்த்துக்கொள்வாள். ஏணி ஏறவும் மைக் பிடிக்கவும் அவள் ஏற்கெனவே கற்றவள்.