பூட்டிக் கிடந்த வீடு, ‘பூட்டிக்’ ஹோட்டல் ஆன கதை!

சோளிங்கர் யோக நரசிம்மர் மலைக்கு 1,305 படிகள். 2024 மார்ச்சில் ரோப் கார் வந்த பிறகு, முட்டி வலிக்காரர்களும் நிம்மதியாக மேலே போய் சாமி பார்க்கிறார்கள். ஆனால், வந்தவர்களில் பலர் அன்று சாயங்காலமே ஊர் திரும்பிவிடுகிறார்கள். ‘தங்குவதற்கு நல்ல லாட்ஜ் கட்டினால் என்ன?’ என்பதுதான் வழக்கமான யோசனை. புதிதாகக் கட்டாமல், இருக்கிற வீட்டிலேயே விருந்தாளிகளைத் தங்க வைக்கலாம் என்று செட்டிநாடு காட்டியிருக்கிறது.

கானாடுகாத்தானில் உள்ள ‘விசாலம்’, 1930-களில் கே.வி.ஏ.எல். ராமநாதன் செட்டியார் தன் மகள் விசாலாட்சிக்காகக் கட்டிய வீடு. இன்று அது 15 அறைகள் கொண்ட ஹோட்டல். கடியாபட்டியில் ‘சிதம்பர விலாஸ்’, காரைக்குடியில் 1999-ல் தொடங்கிய ‘தி பங்களா’ என இந்த வரிசை நீள்கிறது.

இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? அந்த வீடுகளின் கணக்கைப் பாருங்கள். ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பல பேர். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். ஓடு உடைந்து ஒழுகினால் செலவு யாருடையது? யாரும் முடிவெடுக்காத வீட்டில் கரையான் முடிவெடுக்கிறது. கடைசியில் பர்மா தேக்குத் தூணும் நிலைக்கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போய்ச் சேர்கின்றன. ஹோட்டலாக மாறிய வீட்டிலோ, வருகிற வாடகையே கூரையைக் காப்பாற்றுகிறது.

ரூம் போடும் முன் இந்த மூன்றையும் கவனியுங்கள்:

* ‘வீடு எப்போது கட்டியது, எந்தப் பகுதி பழையது?’ என்று கேளுங்கள். புதுக் கட்டடத்தில் பழைய தூணை நட்டுவிட்டு ‘பாரம்பரியம்’ என்பவர்களும் உண்டு. அந்தத் தூணுக்காக எங்கோ ஒரு வீடு இடிந்திருக்கும்.

* வளவைச் சுற்றியுள்ள அறைகள் அந்தக் காலத்தில் பண்ட பாத்திரம் வைக்கவும் படுக்கவும் கட்டியவை. அப்போது குளியலறை கொல்லைப்பக்கம்தான். இப்போது அறையோடு சேர்ந்திருக்கிறதா, தாத்தா பாட்டி ஏற வேண்டிய படி எத்தனை என்று விசாரியுங்கள்.

* வாடகை கட்டுப்படியாகவில்லையா? முன்கூட்டியே சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் போகலாம். முற்றத்து வெளிச்சமும் ஆத்தங்குடித் தரையின் குளிர்ச்சியும் அப்போதும் கிடைக்கும்.

அரண்மனை மாதிரி வீட்டுக்குத்தான் இது சரிப்படும் என்று நினைக்க வேண்டாம். திண்ணையும் முற்றமும் உள்ள நாட்டு ஓட்டு வீடு நம்மூர்ப் பக்கமும் உண்டு. பரம்பரை வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்கள், இடிக்க ஆள் கூப்பிடும் முன் பங்காளிகளை ஒரு தடவை உட்கார வைத்துப் பேசிப் பாருங்கள். ஹோட்டல் ஆகிறதோ இல்லையோ, ஐப்பசி மழைக்கு முன் ஓட்டையாவது மாற்றலாமே!